பழைய காரில் பெட்ரோல் டேங்க் ஒழுகுகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் முக்கியமாக, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் இருந்த காலத்துக் கார்களுக்கானது. இரும்புத் தகட்டில் அடித்த டேங்க், ரப்பர் ஹோஸ், திருகி மூடும் மூடி என்று இருக்கும் வண்டிகள். பழைய கார்களைக் கழற்றி மாட்டுவதிலேயே பல வருஷம் போனவன் நான். ஒழுகும் டேங்கோடு வருகிறவர்கள் வழக்கமாகக் கேட்பதை அப்படியே கேள்விகளாக எழுதியிருக்கிறேன். வேலையை நீங்களே செய்தாலும் சரி, மெக்கானிக்கிடம் கொடுத்தாலும் சரி, வெல்டிங் பற்றிய பதிலை மட்டும் விட்டுவிடாமல் படியுங்கள்.

கார் நிற்கும் இடத்தில் பெட்ரோல் வாடை அடிக்கிறது. ஆனால் தரையில் ஈரமே இல்லை. பொருட்படுத்த வேண்டுமா?

கட்டாயம். பெட்ரோல் மெதுவாகக் கசியும்போது, சொட்டாகத் திரண்டு விழுவதற்கு முன்பே ஆவியாகிவிடும். தரை காய்ந்திருக்கும், வாடை மட்டும் நிற்கும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே போகாமல் தரையோடு படர்ந்து, பள்ளமான இடம் பார்த்துத் தேங்கும். அதனால்தான் நின்றுகொண்டு முகர்ந்தால் லேசாகத் தெரிகிற வாடை, குனிந்தால் குப்பென்று மூக்கில் ஏறுகிறது.

மூடிய ஷெட்டில் நிற்கிறது என்றால் காரை வெளியே கொண்டு வாருங்கள். ஸ்டார்ட் செய்ய வேண்டாம், இரண்டு பேர் சேர்ந்து தள்ளுங்கள்.

சொட்டுவதைக் கண்ணால் பார்த்துவிட்டேன். முதலில் என்ன செய்ய வேண்டும்?

அந்த இடத்தில் எந்த மின்விளக்கு சுவிட்சையும் போட வேண்டாம், எரிகிற விளக்கை அணைக்கவும் வேண்டாம். இரண்டிலுமே சுவிட்சுக்குள் சின்னப் பொறி பறக்கும். காரைத் திறந்த வெளிக்குத் தள்ளி, வாடை கலைந்த பிறகு பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். ஆவி தேங்கியிருக்கும்போதே கழற்றினால் அந்த முனையிலும் பொறி வரும். வரிசை மாறக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

சொட்டும் இடத்துக்குக் கீழே ஒரு தகரப் பாத்திரத்தை வையுங்கள். பக்கத்தில் உலர்பொடித் தீயணைப்பான் ஒன்று, அது இல்லாவிட்டால் ஒரு வாளி மணலாவது தயாராக இருக்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. பெட்ரோல் தண்ணீரின் மேல் மிதந்து, எரிந்துகொண்டே பரவும்.

அப்புறம் டேங்கில் இருப்பதை இறக்க வேண்டும். வாயால் உறிஞ்சி டியூபில் எடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒரு மடக்கு தப்பி நுரையீரலுக்குள் போனால் நிமோனியா மாதிரி அழற்சி வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். கையால் அமுக்கும் பம்ப் போதும். இறக்கும் கேனைத் தரையிலேயே வையுங்கள். கம்பளத்தின் மேலோ டிக்கிக்குள்ளேயோ வைத்து நிரப்பினால் நிலைமின்சாரம் சேர்ந்து பொறி தட்ட வாய்ப்பு உண்டு.

ஃபுல் டேங்க் போட்டால் மட்டும் ஒழுகுகிறது. பாதிக்குக் கீழே இறங்கியதும் நின்றுவிடுகிறது. ஏன்?

சந்தோஷப்படுங்கள். டேங்கின் அடித்தகடு பெரும்பாலும் நன்றாக இருக்கிறது, கோளாறு மேல்பக்கத்தில். நான் பார்க்கும் வரிசை இதுதான்: பெட்ரோல் ஊற்றும் கழுத்துக் குழாயையும் டேங்கையும் சேர்க்கும் தடித்த ரப்பர் ஹோஸ், மீட்டருக்குச் செய்தி அனுப்பும் மிதவை யூனிட்டின் கேஸ்கெட் (கசியாமல் இடையில் வைக்கும் ரப்பர் வளையம்), காற்றுப்போக்கி ஹோஸ். பழைய ரப்பர் வெளியே பளபளப்பாகத் தெரிந்தாலும், விரலால் வளைத்தால் நுணுக்கமான வெடிப்புகள் வாய் திறக்கும்.

வெயில் நேரத்தில் மட்டும் ஒழுகுவதும் இதே காரணத்தால்தான். பெட்ரோல் 10 டிகிரி சூடானால் ஏறக்குறைய 1 சதவீதம் விரியும். நிலத்தடித் தொட்டியிலிருந்து குளிர்ச்சியாக வரும் 50 லிட்டரைக் கழுத்து வரை நிரப்பி வெயிலில் நிறுத்தினால், 20 டிகிரி ஏறும்போது கிட்டத்தட்ட 1 லிட்டர் கூடுதலாக இடம் கேட்கும். அது எங்கே தளர்ச்சி இருக்கிறதோ அங்கே வெளியே வரும். ஹோஸை மாற்றுங்கள், அதோடு விளிம்பு வரை நிரப்புவதையும் நிறுத்துங்கள்.

சொட்டும் இடத்தைத் துடைத்துப் பார்த்தால் ஓட்டையே தெரியவில்லையே?

சொட்டும் இடமும் ஒழுகும் இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். பெட்ரோல் தண்ணீரைவிட நன்றாக ஒட்டி ஊர்ந்து போகும். மேலே எங்கோ கசிந்து, இரண்டு தகடுகள் சேரும் தையல் விளிம்பு வழியாக ஓடி, இருப்பதிலேயே தாழ்ந்த போல்ட் தலையில் வந்து சொட்டும்.

இதற்குச் சுண்ணக்கட்டிப் பொடியைவிட நல்ல கருவி இல்லை. டேங்கின் வெளிப்பக்கத்தை மண், கிரீஸ் போகத் துடைத்துக் காயவிடுங்கள். சாக்பீஸை நுணுக்கித் தண்ணீரில் குழைத்துப் பிரஷ்ஷால் மெல்லப் பூசுங்கள். காய்ந்ததும் டேங்க் முழுக்க வெள்ளையாக இருக்கும். ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். கசிவு தொடங்கும் இடத்தில் பழுப்பாக ஒரு பொட்டு விழுந்திருக்கும், அதிலிருந்து கீழ்நோக்கி வால் மாதிரி ஒரு கோடு. அந்த வாலை விட்டுவிட்டு, தலை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். டார்ச் லைட் வேண்டும் என்றால் மூடிய பேட்டரி டார்ச் மட்டும் போதும். வயர் போட்ட குண்டு பல்பு கீழே விழுந்து உடைந்தாலே தீ.

ஒருமுறை ஒரு காரில் டேங்கின் நடுவில் சொட்டியது. உரிமையாளர் அந்த இடத்தில் இரண்டு தடவை எபாக்சி அப்பியிருந்தார். பொடி பூசிப் பார்த்தபோது வெள்ளைக்குள் ஈரக்கோடு டேங்கைத் தாங்கும் பட்டைக் கம்பிக்கு அடியில் நுழைந்து போனது. பட்டையைக் கழற்றினோம். அதற்கும் டேங்குக்கும் நடுவே வைத்திருந்த கம்பளித் துண்டு ஊறிக் கறுத்துக் கிடந்தது. அதன் அடியில் தகடு வரிசையாகப் பொத்தல் விட்டிருந்தது. மழைநீரைப் பிடித்து வைத்துக்கொண்டு அந்தத் துண்டுதான் பல வருஷமாகத் தகட்டைத் தின்றிருக்கிறது.

ஓடும்போது ஒழுகுவதில்லை, நிறுத்திய பிறகுதான் சொட்டுகிறது. டேங்க்தானா?

டேங்கிலிருந்து பம்புக்குப் போகும் குழாயாக இருக்கலாம். பழைய கார்களில் பம்ப் எஞ்சினோடு இருக்கும், பெட்ரோலை அங்கிருந்து உறிஞ்சும். ஓடும்போது அந்தக் குழாயில் உறிஞ்சல் இருப்பதால், வெடிப்பு வழியாகப் பெட்ரோல் வெளியே வராமல் காற்று உள்ளே போகும். நிறுத்தினால் உறிஞ்சல் போய்விடும், சொட்டத் தொடங்கும். மேடு ஏறும்போது வண்டி திணறுகிறது என்றால் சந்தேகம் இன்னும் உறுதி. டேங்கை இறக்குவதற்கு முன் இந்த ரப்பர் துண்டுகளை மாற்றிப் பாருங்கள், பாதிப் பேருக்கு வேலை அதோடு முடிந்துவிடும்.

இரும்பு டேங்க் ஏன் உள்ளிருந்து துருப்பிடிக்கிறது? உள்ளே இருப்பது பெட்ரோல்தானே?

பெட்ரோலோடு தண்ணீரும் இருக்கிறது. பாதி காலியான டேங்கில் மேலே காற்று. இரவுக் குளிரில் அந்தக் காற்றின் ஈரம் தகட்டில் வியர்வை மாதிரி படிந்து வழியும். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம், அதனால் நேராக அடிக்குப் போய்த் தாழ்ந்த மூலையில் உட்கார்ந்துவிடும். மாதக்கணக்கில் ஓடாத காரில் அந்த மூலையிலேயே கிடந்து தகட்டைத் தின்னும். எத்தனால் கலந்த பெட்ரோலில் வேறு சிக்கல். எத்தனால் ஈரத்தை இழுத்துக் கரைத்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து ஒரே அடுக்காகப் பிரிந்து கீழே இறங்கும். 10 சதவீத எத்தனால் பெட்ரோலில் 0.5 சதவீதத் தண்ணீரே இதற்குப் போதும். 40 லிட்டருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய டேங்குத் தகட்டுக்கு ஈயமும் வெள்ளீயமும் கலந்த பூச்சு உண்டு. அது தேய்ந்த இடத்தில் வெறும் இரும்புதான், மொத்தமே 1 மில்லிமீட்டர் சுமார். எனவே வெளியே தெரிகிற ஊசித்துளை ஒன்றுதான் என்றாலும், அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குத் தகடு காகிதமாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள்.

நடுவழியில் ஒழுகினால்? சோப்பை அப்பினால் நிற்கும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். சோப்பு தண்ணீரில் கரையும், பெட்ரோலில் கரையாது. குளிக்கிற சோப்புக் கட்டியைத் துளையின் மேல் அழுத்தித் தேய்த்தால் ஊசித்துளை அடைபடும். மழை பெய்தால் கரைந்துவிடும். வீடு வரை போய்ச் சேர அது உதவும், அடுத்த வாரம் வரை ஓட்டுவதற்கு அல்ல. சொட்டுச் சொட்டாக இல்லாமல் ஒழுக்காக ஓடுகிறது, அல்லது சைலன்சர் பக்கம் விழுகிறது என்றால் சோப்பை எடுக்கவே வேண்டாம். வண்டியை நிறுத்திவிட்டு இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

இரண்டு பாகத்தைப் பிசைந்து ஒட்டும் எபாக்சி கொஞ்சம் மேல். டேங்குக்கென்றே விற்பதாகப் பார்த்து வாங்குங்கள். பெட்ரோல் மட்டம் துளைக்குக் கீழே போகும்வரை இறக்கி, உப்புத்தாளால் கையாலேயே பளபளக்கும் இரும்பு தெரியும்வரை தேய்த்து, கொழுப்புப் போக அசிட்டோனால் துடைத்து, அப்புறம் ஒட்ட வேண்டும். ஈரமான தகட்டின் மேல் அப்பினால் அது ஒட்டிய மாதிரி தெரியும், பெட்ரோல் அடியில் புகுந்து இரண்டு நாளில் தட்டு மாதிரி கழன்று வரும். ஒழுங்காக ஒட்டினால் மாதக்கணக்கில் நிற்கும். அப்படி நின்றுவிட்டது என்பதற்காக மறந்துவிடாதீர்கள்.

சிலிகான் பசை வைத்தால்?

வேண்டாம். சாதாரண சிலிகான் பெட்ரோலில் ஊதிப் பெருத்துப் பிய்ந்துவிடும். பிய்ந்த துணுக்கு டேங்குக்குள் விழுந்து குழாய் வாயை அடைக்கும். மிதவை யூனிட்டுக்கு நைட்ரைல் ரப்பர் கேஸ்கெட் போடுங்கள். எத்தனால் அதிகமுள்ள பெட்ரோல் ஊற்றுகிறீர்கள் என்றால் வைட்டான் வகை ரப்பர் இன்னும் நல்லது.

டேங்கை நானே கழற்றலாமா?

முதலில் உங்கள் காரில் டேங்க் எங்கே இருக்கிறது, எது எதோடு சேர்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான கார்களில் டிக்கிக்கு அடியில் இரண்டு பட்டையில் தொங்கும். வோக்ஸ்வாகன் பீட்டிலில் முன்பக்க மூடிக்கு அடியில் இருக்கிறது. ஜாகுவார் எக்ஸ்ஜே பழைய மாடல்களில் டிக்கியின் பக்கவாட்டில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. 1960களின் ஃபோர்டு மஸ்டாங்கில் டேங்கின் மேல்தகடுதான் டிக்கியின் தரையே.

காரை ஜாக்கில் மட்டும் நிறுத்தி அடியில் போகாதீர்கள், நான்கு ஸ்டாண்டு போடுங்கள். மெக்கானிக் குழி இருந்தாலும் இந்த வேலைக்கு அதில் இறங்கக் கூடாது. பெட்ரோல் ஆவி தேடிப் போய்த் தேங்குகிற இடம் அந்தக் குழிதான். துருப்பிடித்த பட்டை போல்ட்டுகளுக்கு முந்தின நாளே ஊடுருவும் எண்ணெய் அடித்து வையுங்கள். கழலாவிட்டால் எண்ணெய் விட்டுக்கொண்டே கை ரம்பத்தால் மெதுவாக அறுங்கள். கிரைண்டரும் வேண்டாம், சூடு காட்டவும் வேண்டாம். ஹோஸ்களை இழுத்துப் பிடுங்கினால் தகரக் குழாய் முனை வளையும், கத்தியால் கீறி எடுங்கள். எப்படியும் புதிதுதான் போடப் போகிறீர்கள். மிதவை யூனிட்டின் வளையத்தைத் தட்டித் திருப்ப இரும்பு உளி எடுக்காமல் பித்தளைத் துண்டோ கட்டையோ பயன்படுத்துங்கள்.

கடைசி லிட்டர் இறங்கவே இறங்காது. டேங்க் கீழே வரும்போது அது ஒரு மூலைக்கு ஓடி, கனம் சட்டென்று ஒரு பக்கம் சாயும். அதற்குத்தான் இரண்டாவது ஆள் வேண்டும்.

காலி டேங்க்தானே, தண்ணீர் விட்டுக் கழுவி வெல்டிங் வைத்தால் என்ன?

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன். உயிர் போவது இங்கேதான்.

நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க் ஆபத்து. பெட்ரோல் எரிவதற்குக் காற்று வேண்டும், அதுவும் சரியான விகிதத்தில். காற்றில் பெட்ரோல் ஆவி ஏறக்குறைய 1.4 சதவீதம் முதல் 7.6 சதவீதம் வரை இருந்தால் அது வெடிக்கும் கலவை. நிறைந்த டேங்குக்குள் ஆவி இதைவிட மிக அதிகம், உள்ளே பற்றிக்கொள்ளக் காற்று போதாது. காலி டேங்கில் காற்றுக்குக் குறைவே இல்லை. 50 லிட்டர் டேங்கில் ஒரு மேசைக்கரண்டி பெட்ரோல் முழுவதும் ஆவியானால் கலவை அந்த எல்லைக்குள் வந்து நின்றுவிடும். குளிர் காப்பாற்றும் என்றும் நினைக்க வேண்டாம், மைனஸ் 40 டிகிரி அளவிலேயே பெட்ரோல் பற்றுவதற்குப் போதுமான ஆவியை விடும்.

கழுவினால் போகாதா என்றால், போகாது. உள்ளே அலைதடுப்புத் தகடுகள் இருக்கின்றன. இரண்டு தகடுகளை மடித்துச் சேர்த்த தையலுக்குள் தலைமுடி அகலத்துக்கு இடைவெளி இருக்கிறது. துருவுக்குள்ளும், காய்ந்து அரக்காகப் படிந்த பழைய பெட்ரோலுக்குள்ளும் எண்ணெய் ஊறி நிற்கிறது. தண்ணீர் இதன் மேல் ஓடிப் போய்விடும். வாடையும் இருக்காது. வெல்டிங் சூடு பட்டதும் அந்த ஊறல் எல்லாம் ஒரே நேரத்தில் ஆவியாகி வெளியே வரும், பொறி அங்கேயே தயாராக இருக்கிறது. பல வருஷமாகக் காய்ந்து கிடந்த டேங்குகள் வெடிப்பது இப்படித்தான்.

இதைத் தொழிலாகச் செய்பவர்கள் காரச் சலவைக் கரைசலில் ஊறவைத்து, நீராவி விட்டு நீண்ட நேரம் வெளுப்பார்கள். ஆவியை அளக்கும் மீட்டரை டேங்கின் எல்லா வாய்களிலும் விட்டுப் பார்ப்பார்கள். பிறகு வேலை செய்யும் இடம் மட்டும் மேலே வரும்படி தண்ணீர் நிரப்பியோ, ஆர்கான், நைட்ரஜன் போன்ற வாயுவைத் தொடர்ந்து விட்டுக்கொண்டோதான் நெருப்பைக் கிட்டே கொண்டு வருவார்கள். இந்த வசதி உள்ள பட்டறையில் கொடுங்கள். கொடுக்கும்போது அது பெட்ரோல் டேங்க் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ஒரு சிலர் இன்னொரு காரின் சைலன்சர் புகையை உள்ளே விட்டால் காற்று வெளியேறிவிடும் என்கிறார்கள். அந்தப் புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கண்ணால் தெரியாது, அதோடு அது சூடு வேறு. கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பானை உள்ளே பீய்ச்சுவதும் தப்பு. பீய்ச்சும் வேகத்தில் நிலைமின்சாரம் உண்டாகி, அதுவே பொறி தட்டும்.

ஈயம் வைத்து அடைப்பதும் அதே அளவு ஆபத்தா?

சூடு குறைவு. ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று 183 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். வெல்டிங்கில் இரும்பே உருக வேண்டும், அதற்கு 1500 டிகிரி அளவில் வேண்டும். பழைய ரேடியேட்டர் பட்டறைக்காரர்கள் கைப்பிடி போட்ட தடித்த செம்புக் கட்டியை வேறு இடத்தில் அடுப்பில் சுடவைத்து, நெருப்பே இல்லாத இடத்தில் டேங்க் மேல் இழுப்பார்கள். அருமையான வேலை அது. தகட்டில் ஏற்கெனவே ஈயப் பூச்சு இருப்பதால் பற்று வெண்ணெய் மாதிரி ஓடிப் பிடிக்கும். துளைக்கு மேல் நேராக ஈயத்தை வைக்காமல், சுற்றிலும் நல்ல தகடு வரை போகும்படி ஒரு செம்புத் தகட்டு ஒட்டுப் போட்டால் பல வருஷம் நிற்கும்.

ஆனால் கட்டியை அடுப்பிலிருந்து எடுக்கும்போது அதன் சூடு பெட்ரோல் ஆவி தானாகப் பற்றும் அளவைத் தாண்டியிருக்கலாம். எனவே மேலே சொன்ன கழுவல், நீராவி, மீட்டர் எல்லாமே இதற்கும் அப்படியே பொருந்தும். நெருப்பு விளக்கை டேங்கில் நேரடியாகக் காட்டிச் செய்கிறேன் என்று சொல்கிறவரிடம் கொடுக்காதீர்கள்.

உள்ளே இருக்கும் துருவை எப்படி எடுப்பது?

சலவைச் சோடாவோ டிடர்ஜென்டோ கலந்த வெந்நீரில் பல தடவை கழுவி எண்ணெய்ப் பிசுக்கைப் போக்குங்கள். பிசுக்கு இருந்தால் அமிலம் துருவைத் தொடாது. அப்புறம் ஒரு நீளச் சங்கிலியை உள்ளே விட்டு எல்லாப் பக்கமும் புரட்டிக் குலுக்குங்கள். கூழாங்கல், நட்டு, ஆணி எல்லாம் போடுகிறார்கள், ஏதாவது ஒன்று தடுப்புத் தகட்டின் பின்னால் மாட்டிக்கொண்டு வெளியே வராது. சங்கிலி என்றால் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் முழுசாக வந்துவிடும். எண்ணெய்ப் பிசுக்கு போகும் முன் சங்கிலியைப் போடாதீர்கள், இரும்பும் இரும்பும் உரசினால் பொறி வரலாம்.

மிச்சத் துருவுக்கு சிட்ரிக் அமிலக் கரைசல் ஒரு நாள் ஊறினால் போதும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேகமாகச் செய்யும், நல்ல தகட்டையும் சேர்த்துத் தின்னும். மெலிந்த டேங்கில் அதைப் பயன்படுத்த எனக்கு மனசு வராது. அமிலம் முடிந்ததும் சமையல் சோடாத் தண்ணீரால் முறித்து, அலசி, உடனே காயவைக்க வேண்டும். சுத்தமான இரும்பு ஈரத்தோடு அரை மணி நேரம் இருந்தாலே மஞ்சள் பூத்துவிடும்.

துரு போனதும் புதுத் துளைகள் தெரிந்தால் திகைக்க வேண்டாம். அவை முன்பே இருந்தவைதான், துருதான் அடைத்துக்கொண்டிருந்தது.

உள்ளே ஊற்றிப் பூசும் டேங்க் பூச்சு நம்பகமானதா?

தயாரிப்பு வேலை சரியாக இருந்தால் நல்லது. பொடிப்பொடி ஊசித்துளைகளுக்கு அதைவிடச் சுலபமான வழி இல்லை. தயாரிப்பு சரியில்லை என்றால் பூச்சே இல்லாத டேங்க் எவ்வளவோ மேல்.

இதை அனுபவித்துத்தான் சொல்கிறேன். என் சொந்தக் காரின் டேங்கை அமிலத்தில் கழுவி, வெயிலில் ஒரு நாள் வைத்துவிட்டு, காய்ந்துவிட்டது என்று நம்பிப் பூச்சை ஊற்றினேன். தையல் மடிப்புக்குள் ஈரம் இருந்திருக்கிறது. ஐந்து மாதம் கழித்து கார் ஓடும், ஒரு கிலோமீட்டர் போனதும் மூச்சடைத்து நிற்கும். பத்து நிமிஷம் விட்டால் மறுபடி ஓடும். மிதவை யூனிட்டைக் கழற்றி உள்ளே பார்த்தால், பூச்சு வெங்காயச் சருகு மாதிரி உரிந்து மிதந்துகொண்டிருந்தது. எஞ்சின் உறிஞ்சும்போது ஒரு சருகு குழாய் வாயில் போய் ஒட்டும், நிறுத்தினால் விழும். அதைச் சுரண்டி எடுக்கப் பட்ட பாட்டில் நான்கு டேங்குக்குப் பூச்சுப் போட்டிருக்கலாம்.

அதற்குப் பிறகு நான் தவறவிடாதவை சில. அலசிய பிறகு, பிசுக்கும் பெட்ரோலும் முழுசாகப் போன டேங்கில் இரண்டு நாள் காற்று ஓட்டம் கொடுப்பேன். வெயிலிலும் வைப்பேன். பூச்சு ஊற்றும் முன் பெட்ரோல் குழாய், காற்றுப்போக்கிக் குழாய் எல்லாவற்றிலும் அடைப்பு வைத்து, ஊற்றிப் புரட்டி, மிச்சத்தை முழுவதும் வடித்த பின் அடைப்பைத் திறந்து குழாய்களில் ஊதிப் பார்ப்பேன். ஒரு மூலையில் குளம் மாதிரி தேங்கினால் அது காயவே காயாது. டப்பாவில் நான்கு நாள் காயவை என்றிருந்தால் நான்கு நாள்தான். எத்தனால் பெட்ரோலைத் தாங்கும் என்று டப்பாவில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் காலத்துப் பூச்சுகள் சில எத்தனாலில் இளகிப் பிசினாகிவிடுகின்றன.

எந்தக் கட்டத்தில் டேங்கையே மாற்றிவிடுவது நல்லது?

ஸ்க்ரூடிரைவர் பிடியால் அடித்தகட்டை அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று சொல்லும், மெலிந்த இடம் பொத்தென்று சொல்லும். சந்தேகம் வந்த இடத்தில் கூர்மையான ஊசியை விரல் பலத்தால் அழுத்துங்கள். உள்ளே இறங்கினால் அந்த இடம் போய்விட்டது. இப்படி ஒரே ஒரு மூலை என்றால் பழுது பாருங்கள். இரண்டு மூன்று இடம், அல்லது தையல் ஓரம் நெடுக என்றால் மாற்றுவதுதான் மரியாதை. அடித்து நசுங்கித் தையல் விட்ட டேங்குக்கும் இதே பதில். புது டேங்க் கிடைக்காத அபூர்வ மாடல் என்றால், பழையதை அச்சாக வைத்துப் புதிதாகத் தகட்டில் செய்து தரும் கைவினைஞர்கள் இருக்கிறார்கள்.

பழுது பார்த்த டேங்கைச் சோதிப்பது எப்படி?

எல்லா வாய்களையும் அடைத்து, சைக்கிள் பம்பால் கொஞ்சமாகக் காற்று விட்டு, சோப்பு நுரை பூசிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். 1 பிஎஸ்ஐ (டயருக்குக் காற்று அளக்கும் அதே அழுத்த அளவு) போதும், 2 தாண்ட வேண்டாம். அது ஒன்றுமே இல்லை என்று தோன்றும். 60க்கு 40 சென்டிமீட்டர் தகட்டின் மேல் 1 பிஎஸ்ஐ என்பது கிட்டத்தட்ட 170 கிலோ பாரம். கம்ப்ரசரை நேரடியாகச் செருகினால் டேங்க் பலூனாகித் தையல் பிளக்கும், பக்கத்தில் இருப்பவர் முகத்திலும் அடிக்கும்.

பிளாஸ்டிக் டேங்க் ஒழுகினால்?

மாற்றுங்கள். அந்தப் பிளாஸ்டிக்கின் மேல் எபாக்சி பிடிக்காது. உருக்கி ஒட்டும் முறை உண்டு, ஆனால் பெட்ரோல் ஊறிய பிளாஸ்டிக்கில் அதை நான் நம்புவதில்லை. முன்பே சொன்ன மாதிரி ஹோஸ், கேஸ்கெட்டை மட்டும் முதலில் பாருங்கள்.

டீசல் கார் என்றால் பயமில்லைதானே?

ஒழுகும்போது தீப்பிடிக்கும் ஆபத்து பெட்ரோலைவிடக் குறைவு, டீசல் பற்றும் ஆவியை விட 50 டிகிரிக்கு மேல் சூடாக வேண்டும். வெல்டிங் வைக்கும்போது அந்தச் சூடு தாராளமாக வந்துவிடும். அதனால் டீசல் டேங்கும் வெடிக்கும்.

இறக்கிய பழைய பெட்ரோலையும் சகதியையும் என்ன செய்வது?

சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றக் கூடாது. மூடிய தகரக் கேனில் சேர்த்து, கழிவு எண்ணெய் எடுத்துக்கொள்ளும் இடத்தில் கொடுங்கள். பல பத்தாண்டுகளாக நின்ற கார் என்றால் இன்னொரு எச்சரிக்கை. ஒரு காலத்தில் பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்தார்கள். கார்களுக்கான அந்தப் பெட்ரோல் விற்பனை உலகத்தில் கடைசியாக அல்ஜீரியாவில் 2021இல்தான் நின்றது. பழைய டேங்கின் அடிச் சகதியிலும் தகட்டுப் பூச்சிலும் ஈயம் இருக்கும். கையுறை போடுங்கள், காய்ந்த பொடியைத் தேய்த்துப் பறக்கவிடாமல் ஈரமாகவே துடைத்தெடுங்கள்.

திரும்ப மாட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பட்டைக்கு அடியில் பழைய கம்பளித் துண்டை வைக்காதீர்கள், தண்ணீர் குடிக்காத ரப்பர் பட்டையை வையுங்கள். டேங்கையும் பாடியையும் சேர்க்கும் எர்த் வயர் இருந்தால் முனையைச் சுரண்டிச் சுத்தமாக மாட்டுங்கள். பம்புக்கு முன்னால் உள்ளே தெரிகிற மாதிரி ஒரு ஃபில்டர் போட்டு, முதல் சில வாரம் தினமும் பாருங்கள். சிவப்பாகத் துகள் சேர்ந்தால் மாற்றுங்கள்.

கடைசியாக மூடி. பழைய கார்களின் மூடியில் காற்று உள்ளே போகச் சின்னத் துவாரம் உண்டு. அது அடைபட்டாலோ, அளவு சேர்கிறதே என்று வேறு காரின் துவாரமில்லாத மூடியைப் போட்டாலோ, பம்ப் பெட்ரோலை இழுக்க இழுக்க டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகித் தகடு உள்வாங்கும். உள்வாங்கி உள்வாங்கியே தையல் விரியும். நீண்ட தூரம் ஓட்டி நிறுத்தியதும் மூடியைத் திறந்து பாருங்கள். ஸ்ஸ் என்று காற்றை உறிஞ்சும் சத்தம் வந்தால் அந்த மூடியை அன்றைக்கே மாற்றுங்கள்.